பெயர் யாருடையது: டினா டர்னரின் ‘ப்ரைவேட் டான்சர்’

‘கம்பேக்’ என்று இசைத்தட்டு வியாபாரத்தில் ஒரு சொல் புழங்குகிறது. திரும்பி வருதல். கேட்க சந்தோஷமான சொல்தான். ஆனா யார் திரும்பி வருகிறார், எங்கே போயிருந்தார், போகச் செய்தது யார் என்கிற கேள்விகளை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. 1984 மே மாதம் வெளிவந்த டினா டர்னரின் ‘ப்ரைவேட் டான்சர்’ பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொல்லைத்தான் கையில் எடுத்தார்கள். 44 வயதுப் பாடகி, பாப்பும் ராக்கும் கலந்த இசை, உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்பனை. வேறென்ன சொல்வது? 2021-இல் வந்த ‘டினா’ ஆவணப்படத்தில் அவரே இதை மறுக்கிறார். இது மறுவருகை இல்லை, டினா அதற்குமுன் வந்து சேரவே இல்லை, இதுதான் அறிமுகம் என்கிற பொருளில் பேசுகிறார். சாமர்த்தியமான பேச்சு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவர் சொன்னது அப்படியே உண்மை என்பதுதான் என் வாதம்.

1939-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தபோது அவர் பெயர் ஆன்னா மே புல்லக். வளர்ந்த ஊர் நட்புஷ், பருத்திக்காட்டு ஊர். பருத்தி எடுத்தவர், சர்ச்சில் பாடியவர். 17 வயதில் செயின்ட் லூயிஸில் ஐக் டர்னரின் குழுவோடு பாடத் தொடங்கினார். 1960-இல் ‘எ ஃபூல் இன் லவ்’ பாட்டைப் பாட வேண்டிய ஆண் பாடகர் ஒலிப்பதிவுக்கு வராமல் போக, அவர் இடத்தில் ஆன்னா மே பாடினார். இசைத்தட்டு வெளிவந்தபோது அதன்மேல் ‘ஐக் அண்டு டினா டர்னர்’ என்று இருந்தது. அப்போது அவர்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஷீனா என்கிற காட்டுராணி காமிக்ஸ் நாயகியின் பெயருக்கு எதுகையாக ஐக் கட்டிய பெயர் அது. கட்டியதோடு நிற்காமல் அதைத் தன் வணிகப் பெயராகப் பதிவும் செய்துவைத்தார். இந்தப் பெண் போய்விட்டால் இன்னொருத்தியைக் கொண்டுவந்து அதே பெயரில் மேடையேற்றலாம் இல்லையா? சாப்பாட்டுக் கடைப் பெயர்ப்பலகை மாதிரி. சமைப்பவர் மாறலாம், பலகை முதலாளியுடையது.

ஐக்கை வில்லனாக்கிவிட்டு நகர்வது சுலபம். அவர் அடித்தார், ஆண்டுக்கணக்கில் அடித்தார், அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனா இந்த உடைமைப் புத்தி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கணும். 1951-இல் மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் ஐக்கின் குழு பதிவுசெய்த ‘ராக்கெட் 88’ பாட்டை, ராக் அண்டு ரோலின் முதல் இசைத்தட்டு என்று சொல்பவர்கள் உண்டு. அதில் குழுத்தலைவராக ஐக்கின் பெயர் இல்லை. பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரில், பிரென்ஸ்டனின் குழு என்றே வெளிவந்தது. பாட்டு பிரபலமானது, பிரென்ஸ்டன் தனி வழி போனார். பெயரைப் பிடித்துவைத்தவனுக்கே பண்டம் சொந்தம் என்பதைச் சந்தையிடம் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு கறுப்பு இளைஞன், அதைத் தனக்குக் கீழே இருந்த கறுப்புப் பெண்ணிடம் செய்துகாட்டினான். நமக்கு இது புதிய சங்கதி ஒன்றுமில்லை.

1976 ஜூலையில் டாலஸ் நகர ஓட்டலிலிருந்து அவர் தப்பி ஓடியபோது கையில் இருந்தது 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் கம்பெனி கார்டும். இந்த 36 சென்ட் பிற்பாடு ஐதீகமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1978-இல் முடிந்த விவாகரத்து. பணம், சொத்து என்று பெரிதாக எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டினா டர்னர் என்கிற பெயரைக் கேட்டு வாங்கினார். பாதியில் நின்றுபோன கச்சேரிகளுக்கான கடன் வேறு அவர் தலையில். அரசு தருகிற உணவுக் கூப்பனில் சாப்பிட்டார், நண்பர்கள் வீட்டில் தங்கினார், தங்கிய இடத்தில் பெருக்கித் துடைத்தார். இந்த நிலையில் அடித்தவன் வைத்த பெயரைப் போய் ஏன் கேட்கணும்? ஆன்னா மே என்கிற அசல் அடையாளத்துக்குத் திரும்புவதுதானே விடுதலை என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அசலாவது, அடையாளமாவது! பதினாறு வருஷம் அந்தப் பெயருக்குள் உழைத்தது அவர் உடம்பு, அவர் தொண்டை. பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன, உழுதவர் அவர். உழுதவருக்கே நிலம் என்கிற கோரிக்கையை ஒரு பாடகி நீதிமன்றத்தில் வைத்தார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

பெயர் கிடைத்ததும் சந்தை கதவைத் திறந்துவிடவில்லை. 1978, 1979-இல் வந்த இரண்டு தனி இசைத்தட்டுகளும் விலைபோகவில்லை. ஓட்டல் மேடைகளில் பாடிப் பிழைத்தார். நாற்பதை எட்டிய கறுப்புப் பெண். அவரோ ராக் பாடணும் என்கிறார். அமெரிக்கச் சந்தையின் வகைப்பாட்டுக்குள் இந்த ஆசைக்கு இடமே கிடையாது. அங்கே ‘பில்போர்டு’ பத்திரிகை, கறுப்பர் பாட்டுகளின் பட்டியலை 1949 வரை ‘இன இசைத்தட்டுகள்’ என்றே அச்சிட்டது. பிறகு ‘ரிதம் அண்டு ப்ளூஸ்’ என்று தலைப்பை மாற்றினார்கள், சுவர் அப்படியே நின்றது. கறுப்பர்களிடம் பிறந்த ராக் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வெள்ளை இளைஞர்களின் பாத்தியதை ஆனது. 1966-இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரிப்பில் டினா பாடிய ‘ரிவர் டீப் மவுண்டன் ஹை’ அமெரிக்காவில் 88-ஆம் இடத்தோடு நின்றுபோனது. வெள்ளை வானொலிக்கு அது கறுப்பு, கறுப்பு வானொலிக்கு வெள்ளை என்று காரணம் சொன்னார்கள். அதே பாட்டு பிரிட்டனில் 3-ஆம் இடம்.

ஆகவே மறுபடி வழி பிரிட்டன் பக்கமிருந்து திறந்ததில் ஆச்சரியமில்லை. ஷெஃபீல்டைச் சேர்ந்த மின்னிசைக்காரர் மார்ட்டின் வேர் 1982-இல் அவரை ஒரு பாட்டுக்கு அழைத்தார். 1983-இல் அவர் தயாரிப்பில் டினா பாடிய ஆல் கிரீனின் ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பிரிட்டனில் 6-ஆம் இடத்துக்கு வந்தது. அதன்பிறகுதான் கேப்பிட்டல் கம்பெனிக்கு முழு இசைத்தட்டு அவசரமாகத் தேவைப்பட்டது. பெரும்பகுதியை இங்கிலாந்தில் இரண்டே வாரத்தில் முடித்தார்கள். ஒருத்தர் இல்லை, பல தயாரிப்பாளர்கள்.

இங்கேதான் ஒரு நெருடல். இதில் டினா எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை ஆண்கள். பாதிக்கு மேல் ஏற்கனவே வேறு கை பட்டவை. ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’ கிளிஃப் ரிச்சர்டு வேண்டாம் என்று விட்டது. ‘பெட்டர் பி குட் டு மீ’ ஸ்பைடர் என்கிற குழு பாடியது. ஆல் கிரீன், ஆன் பீபிள்ஸ், பீட்டில்ஸ், போவி பாட்டுகளும் உண்டு. தலைப்புப் பாட்டை மார்க் நாஃப்ளர் தன் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவுக்காக எழுதி, ஆண் குரலில் இது சரிவராது என்று ஒதுக்கிவைத்திருந்தார். அப்புறம் இது எப்படி ‘டினாவின்’ இசைத்தட்டு? ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நம் சிறுபத்திரிகைகளில் எவ்வளவு மை செலவழித்திருக்கிறோம்! அந்தக் கட்டுரைகளைவிட இந்த ஒரு இசைத்தட்டு எனக்குத் தெளிவாக விளக்கியது. எழுதியவனுக்குப் பாட்டு சொந்தம் என்பது காப்பிரைட் சட்டம். கேட்பவர் காதில் நடப்பது வேறு.

‘வாட்ஸ் லவ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டினாவுக்கே அது பிடிக்கவில்லை, ராக்குக்குப் பொருந்தாத மெல்லிய சரக்கு என்று நினைத்தார். ‘ப்ரௌடு மேரி’ பாடிய தொண்டை இதில் கத்தவே இல்லை. கீழ்ஸ்தாயியில், கரகரப்பை வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். காதலைச் சந்தேகிக்கிற வார்த்தைகளை இருபது வயதுக் குரல் பாடியிருந்தால் பாவனையாகப் போயிருக்கும். இந்தக் குரலில் அது சாட்சியமாகிறது. 1984 செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம்.

தலைப்புப் பாட்டில் பேசுகிறவள், காசுக்கு ஆடுகிற பெண். வருகிற ஆண்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, பெயர் கேட்பதில்லை. நம் இலக்கியத்தில் இப்படியொருத்தி வந்தால் உடனே கண்ணீர் வரும், இல்லாவிட்டால் மீட்க ஒருவன் வருவான். டினா இரக்கம் கேட்கவில்லை. தொழிலைத் தொழிலாகவே பாடுகிறார். நடுவில் ஜெஃப் பெக்கின் கிதார் வந்து கிழித்துவிட்டுப் போகிறது, பிறகு மறுபடி அந்த அலுத்த நிதானம். மேடையில் ஆடிப் பாடி வருமானத்தை இன்னொருவரிடம் கொடுத்துக்கொண்டிருந்த பதினாறு வருஷத்தைச் சுயசரிதை வரி ஒன்றுகூட இல்லாமல் இந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. எல்லாப் பாட்டும் இப்படி இல்லை. போவியின் ‘1984’ வெறும் சத்தம், கம்பெனி அவசரத்தின் அடையாளம். ஆனா பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’ வேகத்தை அடியோடு குறைத்து, சர்ச்சில் மன்றாடுகிற பாட்டாக மாறியிருக்கிறது. பையன்களின் துள்ளலுக்குள் இவ்வளவு பயம் ஒளிந்திருந்ததா என்று தோன்றும். அமெரிக்கப் பதிப்பில் இதைச் சேர்க்கவில்லை, அவர்களுக்கு நஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். 1981-இல் ‘பீப்பிள்’ பத்திரிகைப் பேட்டியில் அடி உதைக் கதையை அவர் வெளியே சொன்னது, ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டால் கேட்பது நிற்கும் என்றுதான். நிற்கவில்லை. 1986-இல் சுயசரிதை, 1993-இல் சினிமா. எந்தப் பேட்டியிலும் அதே கேள்வி, ஐக் எப்படி அடித்தான், எதால் அடித்தான். 1985-இல் கிராமி விருது வாங்கியவரிடம் குரலைப் பற்றிக் கேட்க ஆளில்லை, காயத்தைப் பற்றிக் கேட்கப் பத்துப் பேர். உயிர்த்தவளைப் ‘பாதிக்கப்பட்டவள்’ கதையாடலுக்குள் திரும்பத் திரும்ப உட்காரவைப்பது பத்திரிகைக்காரர்கள் மட்டும் செய்கிற வேலையா? நம் கூட்டங்களிலும் ஒரு பெண்ணை மேடையேற்றி, நடந்ததைச் சொல்லுங்கம்மா என்கிறோம். அடுத்த ஊரில் மறுபடி அதையே. அவர் இப்போது என்ன செய்கிறார், என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது.

2021-இல் டினா தன் பாட்டு வருமான உரிமைகளோடு தன் பெயரையும் உருவத்தையும் வணிகத்தில் பயன்படுத்தும் உரிமையை பி.எம்.ஜி. நிறுவனத்துக்கு விற்றார். 2023 மே 24 அன்று சுவிட்சர்லாந்தில், 83-ஆம் வயதில் இறந்தார். அந்தப் பெயர் மறுபடியும் ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. கடைசியில் மூலதனம்தான் ஜெயித்தது, பார்த்தீர்களா என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்லக் கை வரவில்லை. 1960-இல் அந்தப் பெயரை எழுதிக்கொண்டவர்கள் அவரைக் கேட்கவில்லை. 2021-இல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.