வெயில் காலத்தில் ஐஸ் கட்டி மழை கொட்டுவது ஏன்? மேகத்துக்குள் நடப்பது என்ன?

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்க வெயில் கொளுத்தும். சாயங்காலம் திடீரென கருமேகம் திரளும். சில நாட்களில் சூறைக்காற்றுடன் ஆலங்கட்டி மழையும் கொட்டும். தகர கொட்டகை மீது படபடவென ஐஸ் கட்டி விழும். அதை பொறுக்க குழந்தைகள் வாசலுக்கு ஓடுவார்கள். அது எவ்வளவு ஆபத்து என்பது மேகத்துக்குள் நடப்பதை தெரிந்து கொண்டால் புரியும்.

தூசிதான் உறை மோர்

தரையில் 40 டிகிரி வெயில் அடித்தாலும், சுமார் 5 கிலோ மீட்டர் உயரத்தில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கி விடும். இடி மேகத்தின் உச்சி 12 கிலோ மீட்டருக்கும் மேலே போகும்.

பூஜ்ஜியம் டிகிரியில் தண்ணீர் உறையும் என்பது பள்ளிக்கூட பாடம். ஆனால் மேகத்தில் உள்ள பொடி துளிகள் லேசில் உறையாது. மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரி குளிரிலும் தண்ணீராகவே மிதக்கும். கலப்பே இல்லாத சுத்தமான துளி சுமார் மைனஸ் 38 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

பால் தயிராக உறை மோர் வேண்டும் அல்லவா? அது போல இந்த துளி ஐஸ் ஆக மண் தூசி, சில வகை பாக்டீரியா போன்ற ஒன்று வேண்டும்.

ஒன்று பலவாகும் ரகசியம்

எல்லா தூசியும் இதற்கு உதவாது. மைனஸ் 20 டிகிரியில் கூட ஒரு லிட்டர் காற்றில் உதவும் தூசி ஏறக்குறைய ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனால் விமானத்தில் போய் அளந்தபோது, சில மேகங்களில் ஐஸ் துகள்கள் தூசியை விட பல நூறு மடங்கு இருந்தன. மீதி எங்கிருந்து வந்தது?

ஹாலெட், மாசப் என்ற 2 விஞ்ஞானிகள் 1974-ம் ஆண்டு ஒரு விடையை வெளியிட்டனர். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரை உள்ள பகுதியில், ஐஸ் உருண்டை மீது குளிர்ந்த துளிகள் மோதி ஒட்டி உறையும். அப்போது பொடி சில்லுகள் தெறிக்கும். ஒவ்வொரு சில்லும் புது ஐஸ் துகளாக வளரும் என்றனர்.

வேறு வழிகளும் உண்டு. ஐஸ் துகள்கள் மோதி நொறுங்கும். பெரிய துளி உறையும்போது வெளிப்பக்கம் ஓடு போல இறுகும். உள்ளே தண்ணீர் உறைந்து விரியும்போது ஓடு வெடித்து சிதறும். பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டில் வெடிப்பதும் இதனால்தான்.

மின்னலும் இதனால்தான்

மேலே ஏறும் பொடி ஐசும், கனத்த ஐஸ் உருண்டையும் உரசும்போது மின்சாரம் பிரிகிறது. பொடி ஐஸ் பாசிட்டிவ் மின்சாரத்தோடு மேலே போகும். உருண்டை நெகட்டிவ் மின்சாரத்தோடு கீழே தங்கும். இது பெருகினால் மின்னலாக வெட்டும்.

பலமான மேல்நோக்கிய காற்று உருண்டையை தாங்கி பிடிக்க, அதன் மேல் துளிகள் ஒட்டி ஆலங்கட்டி ஆகிறது. சின்ன உருண்டைகள் வழியிலேயே கரைந்து மழையாக விழும்.

ஆகவே ஆலங்கட்டி விழுகிறது என்றால் மின்னல் மேகம் தலைக்கு மேலேயே நிற்கிறது என்று அர்த்தம். ஐஸ் பொறுக்க வெளியே போகக்கூடாது. மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. வயலில் இருப்பவர்கள் இடி சத்தம் கேட்டதுமே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.