படத்தில் விழுந்த கோடு யாருடையது?

ஷட்டரை இருபது விநாடி திறந்துவைத்து இரவு வானத்தைப் படமெடுத்தால், இப்போதெல்லாம் நட்சத்திரங்களோடு ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்து விழுகிறது. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் முதல் 60 செயற்கைக்கோள்களை அனுப்பியதிலிருந்து இந்தக் கோடுகள் பெருகிவிட்டன. பலரும் கணினியில் அழித்துவிடுகிறார்கள். அழிக்கும் முன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சீரான இடைவெளியில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரிந்தால் விமானம். நடுவில் பருத்து முனைகளில் கூர்ந்து, சில சமயம் பச்சையும் காட்டினால் எரிகல். ஒரே பருமனில் நீண்டு ஓடினால் செயற்கைக்கோள். விட்டுவிட்டுப் பிரகாசித்தால், வேலை முடிந்து புரண்டுகொண்டிருக்கும் ராக்கெட் பாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடு பாதியில் மங்கி மறைகிறதா? அந்தப் பொருள் பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும்.

பெயர்வரை போக வேண்டுமானால் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் பொருள் நம் தலைக்கு மேலே ஒரே விநாடியில் ஒரு பாகைக்கும் அதிகமாக நகர்ந்துவிடும். இரண்டு முழுநிலவை அடுத்தடுத்து வைத்த அகலம் அது. கேமராவின் கடிகாரம் அரை நிமிடம் பிசகினாலும் வேறொன்றின் பெயரைச் சூட்டிவிடுவோம். ஆகவே முதல் வேலை, அதைச் செல்போன் நேரத்தோடு சரிசெய்வது. பிறகு கோட்டின் இரு முனைகளும் எந்தெந்த நட்சத்திரங்களுக்கு அருகே விழுந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அமெரிக்க விண்வெளிப் படை வெளியிடும் சுற்றுப்பாதைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

அந்தப் பட்டியலில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் பாதைகள் இருப்பதில்லை. ஆனால் சூரிய ஒளி பட்டால் அவையும் மின்னத்தான் செய்யும். பல நாடுகளில் ஆர்வலர்கள் தொலைநோக்கி, ஸ்டாப்வாட்ச், கேமரா கொண்டு அளந்து அவற்றின் பாதைகளைத் தாங்களே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சம்பளமில்லாத இந்த உழைப்பின் மதிப்பை 2019 ஆகஸ்டில் உலகம் பார்த்தது.

ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ராக்கெட் வெடித்த இடத்தின் படத்தை அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் வெளியிட்டார். பொதுவெளியில் அதுவரை காணாத அளவுக்குத் துல்லியமான படம். எடுத்தது விமானமா, டிரோனா என்று விவாதம் கிளம்பியது. நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் மார்கோ லாங்ப்ரூக்கும் பிற ஆர்வலர்களும் படத்தையே அளந்தார்கள். கோபுரங்களின் நிழல் நேரத்தைச் சொன்னது. வட்டமான ஏவுதளம் நீள்வட்டமாகத் தெரிந்த விதம், பார்த்த திசையைச் சொன்னது. அந்த நேரத்தில் அந்தத் திசையில் இருந்தது யூஎஸ்ஏ 224. 2011 ஜனவரியில் ஏவப்பட்ட, பட்டியலில் பாதை இல்லாத உளவுக்கோள். பாதைக் கணக்கு ஆர்வலர்களிடம் தயாராக இருந்தது.