முழங்கால் மடங்க வேண்டுமே!

ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து, எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். அவ்வளவாக நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். அட, நீள்கிறதே!

நெய்த துணியில் நெடுக்கே ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை நூல். ஓரங்களை இழுக்கும்போது நூலையே இழுக்கிறோம். நூல் எளிதில் நீளாது. மூலைகளை இழுத்தாலோ நூல் நீள வேண்டியதே இல்லை. பாவும் ஊடையும் சேர்ந்த குட்டிச் சதுரங்கள் சரிந்து சாய்சதுரங்களாகிவிடும்.

சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியத் தையல்காரர்களுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது. அங்கே ஆண்கள் காலோடு ஒட்டிய கம்பளிக் காலுடை அணிந்தார்கள். முதலில் இரண்டு காலுக்கும் தனித்தனி; மேல்சட்டையோடு நாடாவால் முடிந்துகொள்வார்கள். குனிந்து நிமிரும்போது துணி இடம் கொடுக்காவிட்டால் கிழிந்துவிடுமே! அதனால் துணியைக் ‘கிராஸாக’, அதாவது நூல்களுக்குச் சாய்வாக, வெட்டித் தைத்தார்கள். துணி நீண்டது, ஆனால் வெட்டியதில் நிறைய வீணானது.

16ஆம் நூற்றாண்டில் காலுடை இரண்டாகப் பிரிந்தது. மேலே கால்சட்டை, கீழே நீளக் காலுறை. கால்சட்டைக்குள் கம்பளியும் குதிரைமுடியும் திணித்துப் புசுபுசுவென்று உப்ப வைத்த காலமும் உண்டு! பிறகு அது முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் கால்சட்டையாக மாறியது.

காலுறையை நெய்யாமல் பின்னினார்கள். பின்னலில் நூல் நேராக ஓடாது. வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். இழுத்தால் வளையங்கள் உருமாறி இடம் கொடுக்கும். விட்டால் சுருங்கிக்கொள்ளும். வெட்டி வீணாக்கவும் வேண்டாம்.

கையால் பின்ன நாளாகும். 1589இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ, ஒரு முழு வரிசை வளையங்களை ஒன்றாகப் பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். ஒவ்வொரு வளையத்துக்கும் முனை வளைந்த ஓர் ஊசி!

1789இல் பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியபோது பிரபுக்கள் முழங்கால் கால்சட்டையும் பட்டுக் காலுறையும் அணிந்தார்கள். உழைப்பாளிகள் அணிந்ததோ கணுக்கால்வரை நீண்ட, தளர்வான கால்சட்டை. அடுத்த சில பத்தாண்டுகளில் நீளக் கால்சட்டையே ஆண்கள் எல்லோருக்குமான உடையாயிற்று. தளர்வாக இருந்தால் துணி நீள வேண்டாம். முழங்கால் மடங்க உள்ளேயே இடம் இருக்கிறது.

பின்னல் மறைந்துவிடவில்லை. திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரங்களிலும் கொக்கி முனை ஊசிகள்தாம் வளையங்களைக் கோக்கின்றன. உங்கள் டீ-சர்ட்டின் வெளிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ‘வி’ வடிவங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தால், அது நெய்த துணியல்ல, பின்னிய துணி.