சிரிப்பும் சித்திரிப்பும்

ஒரு திரைப்படம் பெருவெற்றி பெறுவது வேறு. குறையின்றி அமைவது வேறு. படம் நம்மைக் கவர்ந்தது ஏன், உறுத்தியது எங்கே என்பவற்றைக் காட்சிகளின் சான்றோடு விளக்குவதே திறனாய்வு. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ என்னும் இந்தித் திரைப்படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காதல், சண்டை, நகைச்சுவை மூன்றும் கலந்த இப்படத்தை ரோகித் செட்டி இயக்கினார்; கதையை எழுதியவர் தமிழ்த் திரைப்பட இயக்குநர் கே. சுபாஷ்.

கதை

மும்பையைச் சேர்ந்த இனிப்புக் கடைக்காரன் ராகுல் (சாருக் கான்). தாத்தாவின் அஸ்தியை இராமேசுவரத்தில் கரைக்கச் செல்வதாகப் பாட்டியை நம்பவைத்துத் தொடர்வண்டி ஏறுகிறான். அவன் மனமோ கோவாவை நாடுகிறது. விருப்பமில்லாத் திருமணத்திலிருந்து தப்பி ஓடிவரும் மீனா (தீபிகா படுகோன்) வண்டியில் ஏறக் கைகொடுக்கிறான். அவளைத் துரத்தி வந்த உறவினர் நால்வரும் அவ்வாறே ஏறிவிடுகின்றனர். ஊர்த்தலைவரான அவள் தந்தையிடம் (சத்யராஜ்) அவனும் கொண்டுசெல்லப்படுகிறான்.

நிறைகள்

மொழி அறியாதவனின் திகைப்பே இப்படத்தின் நகைச்சுவைக்கு ஊற்று. தமிழ் உரையாடல்கள் பல, இந்தி மொழிபெயர்ப்பின்றியே ஒலிக்கின்றன. அதனால் தமிழறியாப் பார்வையாளரும் ராகுலின் தவிப்பில் பங்குகொள்கின்றனர். உடனிருப்போர் அறியாவண்ணம் ராகுலும் மீனாவும் இந்திப் பாடல் மெட்டுகளில் செய்தி பரிமாறிக்கொள்ளும் காட்சி, சூழலிலிருந்து இயல்பாகப் பிறந்த நகைச்சுவை. பயணக் காட்சிகளின் ஒளிப்பதிவும் கண்ணுக்கு விருந்து. பாட்டியை ஏமாற்றத் தொடங்கிய பயணம், இராமேசுவரக் கடலில் உண்மையாகவே கடமையை நிறைவேற்றுவதில் முடிவது ராகுலின் மனமாற்றத்தைக் காட்டுகிறது.

குறைகள்

தமிழ்நாட்டுச் சிற்றூர் என்றாலே அரிவாள் ஏந்திய முரடர்கள் என்னும் வார்ப்பு இப்படத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. மீனாவின் இந்தி உச்சரிப்பும் இயல்பைக் கடந்து மிகைப்படுத்தப்பட்டுள்ளது. மும்பை – சென்னை வழித்தடத்தில் இல்லாத தூத்சாகர் அருவி, அழகு கருதிக் கதைக்குள் நுழைக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடமாற்றத்தைக் கற்பனையின் உரிமை எனக் கொள்ளலாம். ஒரு மக்கள் கூட்டத்தையே ஓர் அச்சில் வார்ப்பதை அவ்வாறு கொள்ள இயலாது. அம்மக்களை நேரில் அறியாதவர்க்குத் திரையில் கண்டதே உண்மையாகிவிடக்கூடும்.

மற்றொரு குறை ஆழமானது. மகளின் விருப்பத்தைக் கேளாத தந்தையிடம் அவளுடைய உரிமைக்காக ராகுல் வாதிடுகிறான். படத்தின் உயர்ந்த கருத்து இதுவே. ஆயினும், அவளுடைய வாழ்வை முடிவு செய்வது ராகுலுக்கும் தங்கபலிக்கும் இடையே நிகழும் சண்டையே. முதற்காட்சியில் துணிந்து ஓடிவந்த மீனா, முடிவுக் காட்சியில் பார்வையாளராக நிற்கிறாள். சண்டைப்படத்தின் வழக்கத்திற்காகக் கதை தன் கருத்தையே விட்டுக்கொடுத்துவிடுகிறது.

மதிப்பீடு

மொழி வேறுபாட்டைப் பகையாக்காமல் சிரிப்பாக்கியது இப்படத்தின் வலிமை. அச்சிரிப்பு சிற்சில இடங்களில் மக்களையே கேலிப்பொருளாக்கியது அதன் தளர்ச்சி. மொழி புரியாமல் விழிக்கும் ராகுலைக் கண்டு சிரிக்கும்போது அறியாமை நகைப்புக்குள்ளாகிறது. மீனாவின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும்போது ஒரு மொழியினர் நகைப்புக்குள்ளாகின்றனர். நகைச்சுவைப் படம் எதுவாயினும், நாம் யாரைக் கண்டு சிரிக்கிறோம் என்னும் வினாவை எழுப்பிப் பார்ப்பது நற்பார்வையாளரின் கடமை.