ஒரு இன்ச்சோட விலை 2,720 ரூபாய்: நானே செஞ்ச புக் ஷெல்ஃப் கணக்கு

"எதையும் காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி, நாமே செய்ய முடியுமான்னு யோசிங்க" என்று நம்ம சேனலில் அடிக்கடி சொல்லியிருக்கேன். அந்த வாயால்தான் இன்னைக்கு இந்தக் கதையையும் சொல்லணும்.

வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனர் போட்ட சட்டம். அதனால் தரையில் நிற்கிற மாதிரி ஒரு புக் ஷெல்ஃப் தேவைப்பட்டது: ஆறடி உயரம், 30 இன்ச் அகலம், ஐந்து தட்டு. கார்பென்டர் அண்ணன் பொருளோடு சேர்த்து 11,500 கேட்டார். நான் எக்செல் ஷீட்டைத் திறந்தேன்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று, 32 சதுர அடி, அடி 85 ரூபாய்: 2,720. கையில் பிடிச்சு அறுக்குற எலக்ட்ரிக் ரம்பம்: 3,400. டேப், மூலைமட்டம், ஸ்க்ரூ, உப்புத்தாள்: 850. மொத்தம் 6,970. மிச்சம் 4,530 ரூபாய்! அந்த மிச்சத்தை எந்த ஃபண்டில் போடலாம்னு கூட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

முதல் பிரச்சனை டேப். அதன் நுனியில் இருக்கிற கொக்கி லொடலொடன்னு ஆடுச்சு. மட்டமான டேப்பைத் தலையில் கட்டிட்டாங்கன்னு நினைச்சு, கொக்கியை நம்பாமல் 1 இன்ச் கோட்டிலிருந்து அளந்தேன். புத்திசாலித்தனம்தான். ஆனா முடிவில் அந்த ஒரு இன்ச்சைச் சேர்த்துக் குறிக்கணும் இல்லையா? அதை மறந்துட்டேன். மூன்று தட்டு 29 இன்ச்சில் வந்து நின்னுச்சு.

அந்தக் கொக்கி ஆடுறது பழுதே இல்லை என்பது பிறகுதான் தெரிஞ்சது. வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கியின் தடிமன் கணக்கில் வரக் கூடாது. உள்பக்கம் முட்டி அளந்தால் வரணும். அந்தத் தடிமன் அளவுக்குத்தான் அது முன்னும் பின்னும் நகருது. வேணும்னேதான் அப்படிச் செய்றாங்க.

சரி, எல்லாத் தட்டையும் 29 ஆக்கிட்டால் வேலை முடிஞ்சதுதானே? எனக்கும் அதுதான் தோணுச்சு. சலூனில் கிருதாவைச் சமன் பண்ற மாதிரி ஆகிப்போச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்... 29 இருபத்தெட்டரை ஆச்சு, அப்புறம் 28. நேர்கோட்டுக்கு எதுவும் பிடிக்காமல் வெறும் கையால் ரம்பத்தை ஓட்டினால் கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். பழியை பிளேடு மேல் போட்டு, 650 ரூபாய்க்குப் புது பிளேடும் வாங்கினேன். அது இன்னும் வேகமாத் தப்பா அறுத்தது.

கூச்சத்தை விட்டுட்டு அதே கார்பென்டர் அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். நேரிலேயே வந்தார். சிரிக்கலை, அதுவே பெரிய மனசு. பலகைகளைப் புரட்டிப் பார்த்துட்டு, "தம்பி, நாலடியை நாலு துண்டாப் போட்டிருக்கீங்க. கடைசித் துண்டு மட்டும் ஏன் மூணு நூல் கம்மி?" என்றார்.

எட்டு நூல் ஒரு இன்ச். நான் அளந்தது சரிதானேண்ணே என்றேன்.

"பிளேடு போற வழியில மரமும் போகும்ல தம்பி. அந்தத் தூளை எந்தக் கணக்குல எழுதுனீங்க?"

என் எக்செல்லில் அதுக்கு வரியே இல்லை. ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தூளாப் போகுதுன்னா, மூணு வெட்டுக்கு 9. அதுதான் கிட்டத்தட்ட அந்த மூணு நூல். மாசச் சம்பளத்தையும் நான் இப்படித்தான் 100 சதவீதமும் முழுசாப் பிரிச்சு வைப்பேன். ஏன் 25-ஆம் தேதியே கை காயுதுன்னு அப்போதான் உறைச்சது.

இந்த இடத்தில், "போட்ட காசை மறந்துட்டு நிறுத்திடு, இதுதான் சங்க் காஸ்ட்" என்றான் ஒரு நண்பன். பாதிதான் சரி. போட்ட காசை மறக்கணும், உண்மை. ஆனா இனிமேல் ஆகப்போற செலவைப் பார்த்தால், அண்ணனிடம் கொடுத்தா 11,500. இன்னொரு ஷீட் வாங்கி நானே முடிச்சா அதில் பாதிகூட இல்லை. அதனால் தொடர்ந்தேன். ரம்பத்தை மட்டும் தொடலை. பிளைவுட் கடையிலேயே பேனல் ஸா மெஷின் இருந்தது. அளவுகளை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்தேன். மொத்த வெட்டுக்கும் 200 ரூபாய், இருபதே நிமிஷம். விளிம்பு கத்தியால் சீவின மாதிரி இருந்தது. (எல்லாக் கடையிலும் இந்த மெஷின் இருக்காது. போனில் கேட்டுட்டுப் போங்க.)

இப்போ முழுக் கணக்கு. முதலில் போட்ட 6,970. இரண்டாவது ஷீட் 2,720. கிளாம்ப் 900, பிளேடு 650, இரண்டு தடவை லோடு ஆட்டோ 800, கடை வெட்டுக்கூலி 200. மொத்தம் 12,240. அண்ணன் கேட்டதை விட 740 அதிகம்!

நாலு வீக்கெண்டையும் சம்பளக் கணக்கில் மணிக்கு இவ்வளவுன்னு சேர்க்கணும்னு சிலர் சொல்வாங்க. நான் சேர்க்கலை. அந்த நேரத்தில் சம்பாதிச்சிருக்க மாட்டேன், ரீல்ஸ்தான் பார்த்திருப்பேன்.

ஆனா முதல் நாளே கடையில் வெட்டி வாங்கியிருந்தா? ஷீட், கூலி, கிளாம்ப், சில்லறைச் சாமான், ஒரு ஆட்டோ: 5,070. செய்றது கஷ்டமே இல்லைங்க. ஸ்க்ரூ முடுக்குறது, தேய்க்குறது, பெயின்ட் அடிக்குறது எல்லாம் யாருக்கும் வரும். துல்லியமான வெட்டு மட்டும்தான் நமக்கு வராது. அந்த ஒன்றை மட்டும் 200 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். அதுக்குப் போய் 3,400-க்கு மெஷின் வாங்கினேன்.

முதல் ஷீட்டின் துண்டுகளில் ஒரு செருப்பு ஸ்டாண்டும் மானிட்டர் ஸ்டாண்டும் தேறுச்சு. ரம்பத்தை 1,800-க்கு விற்பனைக்குப் போட்டு மூணு வாரம் ஆச்சு. "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?"ன்னு கேட்டுட்டுக் காணாமப் போறாங்க. அதுவரைக்கும் அது ஷெல்ஃபின் கீழ்த்தட்டில்தான் இருக்கு. அளவு கச்சிதமாப் பொருந்தியிருக்கு.