நாய்க்கு அடிக்கடி வயிற்றுப்போக்கா? மாத்திரைக்கு முன் தட்டைப் பாருங்கள்

ஆபீஸ் கிளம்புற நேரத்துல மறுபடியும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை, இரண்டு நாள் நிம்மதி, பிறகு அதே கதை. உங்கள் வீட்டிலும் இப்படியா?

மூன்று வாரத்தைத் தாண்டினால், 'ஏதோ தின்னுடுச்சு' என்று விடாதீர்கள். நாள்பட்ட குடல் நோயாக இருக்கலாம். முதலில் மலப் பரிசோதனையில் குடற்புழு, ஜியார்டியா இருக்கிறதா என்றும், ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார்.

அடுத்தது உணவுச் சோதனை. இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு வகைப் புரதம் அல்லது புரதத்தை நுண்ணியதாக உடைத்துத் தயாரித்த 'ஹைட்ரோலைஸ்டு' உணவு. பல நாய்களுக்கு இரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரியும். ஆனால், பாட்டி பாசமாகக் கொடுக்கும் ஒரு பிஸ்கட் போதும், சோதனையே வீண்.

உணவு மட்டும் கைகொடுக்காவிட்டால் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தரப்படலாம். தாகம், பசி, சிறுநீர் கூடும்; தண்ணீரைக் குறைக்காதீர்கள். 'அதான் நல்லாயிடுச்சே' என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பெரும்பாலும் இந்த நோயைக் கட்டுக்குள் வைப்பதுதான் இலக்கு. எடையையும் மலத்தின் தன்மையையும் போனில் குறித்து வையுங்கள். மலத்தில் ரத்தம், சாப்பிட மறுப்பு, கடும் சோர்வு என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.