அரசாங்கம் உண்டாக்கும் தற்காலிக வேலைகள்



வேலை தேடும் பிள்ளை இருக்கும் வீட்டில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் வந்து சொல்கிறாள். "எப்படியோ கவர்மெண்டு வேலை கிடைத்துவிட்டது" என்று அம்மா மகிழ்கிறார். "ஆறு மாதம் கழித்து என்ன செய்வதாம்?" என்று அப்பா கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலையற்றவர்களுக்காக அரசாங்கம் பணம் ஒதுக்கித் தற்காலிக வேலைகளை ஏன் உண்டாக்குகிறது, அவற்றால் யாருக்கு என்ன பயன், அந்த வேலையில் சேரும்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் முன்னோர் பட்ட பாட்டிலிருந்து தொடங்குவோம். 1929 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வாணிபம் படுத்துவிட்டது. மலாயாவின் ரப்பருக்கு அந்நாளில் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். அந்நாட்டு மோட்டார் வண்டிகளின் டயர்களுக்கே நம் பால்மரத்துப் பால் போய்க்கொண்டிருந்தது. அங்கே வண்டி விற்பனை குறைந்ததும் இங்கே ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படாமல் நின்றவர்கள் பெருகினார்கள்.

அவர்களை என்ன செய்வது? காலனி அரசாங்கம் பெரும்பாலும் கடைப்பிடித்த வழி, கப்பலேற்றித் திருப்பி அனுப்புவதுதான். 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இவ்வாறு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கான செலவு இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. தொழிலாளர்களை வரவழைப்பதற்காக முதலாளிகள் செலுத்திவந்த பணமே அந்த நிதி. ஆள் தேவைப்பட்டபோது அழைத்துவரவும், தேவைப்படாதபோது அனுப்பிவைக்கவும் ஒரே நிதி பயன்பட்டது. 1934 இல் ரப்பர் தொழில் தலைதூக்கியதும் மறுபடியும் இந்தியாவிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

இனி, நம்மிடம் ரப்பர் வாங்கிய அமெரிக்காவில் அதே ஆண்டுகளில் நடந்ததைப் பார்ப்போம். 1933 இல் அந்நாட்டில் உழைக்கும் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், வேலையற்றவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் மணமாகாத இளைஞர்களுக்காக ஒரு படை திரட்டப்பட்டது. அது துப்பாக்கி ஏந்தும் படையன்று. மண்வெட்டி ஏந்தும் படை. இளைஞர்கள் முகாம்களில் தங்கி மரம் நட்டார்கள், மண்ணரிப்பைத் தடுத்தார்கள், காட்டுத் தீயை அணைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே அவர்களுடைய குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் பணம் அனுப்பிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும். 1942 வரை நடந்த இத்திட்டத்தில் சுமார் 300 கோடி மரங்கள் நடப்பட்டன.

அடுத்து, 1933 நவம்பரில், ஹாரி ஹாப்கின்ஸ் என்பவரின் பொறுப்பில் குளிர்காலத்துக்கென ஓர் அவசரத் திட்டம் தொடங்கியது. சில மாதங்களுக்குள் 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் சம்பளம் பெற்றார்கள். ஆனால் செலவு மிகுந்ததால், 1934 வசந்த காலத்தில் அது நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, 1935 இல், ஹாப்கின்ஸின் தலைமையிலேயே இன்னும் பெரிய திட்டம் வந்தது. எட்டு ஆண்டுகளில் அதில் வேலை பார்த்தவர்கள் சுமார் 85 இலட்சம் பேர். அவர்கள் போட்டதும் பழுது பார்த்ததுமான சாலைகளின் நீளம் பத்து இலட்சம் கிலோமீட்டரை எட்டியது. பாலங்கள், பள்ளிக்கூடங்கள், பூங்காக்கள் எனப் பல இன்றும் நிற்கின்றன.

இப்படிச் செலவழிக்கும் பணம் என்ன ஆகிறது என்று சிலர் கேட்பார்கள். நம் தோட்டத்து மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடுகளில் வேலை நின்றுபோனால் கடைக்காரரின் பற்றுப் புத்தகம் நிரம்பும். அவர் மொத்த வியாபாரியிடம் சரக்கெடுப்பதைக் குறைப்பார். மொத்த வியாபாரி லாரிக்காரரைக் குறைப்பார். கடைசியில் லாரிக்காரர் வீட்டிலும் வேலை போகும். அந்தப் பத்து வீடுகளுக்கும் சம்பளம் வரத் தொடங்கினால் இதே சங்கிலி மறுபக்கம் ஓடும். எல்லாரும் செலவைச் சுருக்கும் வேளையில் அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவு செய்வதற்கு இதுவே காரணம். சும்மா கொடுக்காமல் வேலையாகக் கொடுத்தால், சாலையும் பள்ளியும் மிஞ்சுகின்றன. உழைப்பவனுக்குக் கைப்பழக்கமும் விட்டுப்போவதில்லை.

குறைகளும் இருந்தன. மண்வெட்டியில் சாய்ந்து நிற்பதற்குச் சம்பளமா என்று பலர் கேலி செய்தார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவருக்கே வேலை என்ற விதியால் பெண்கள் பலர் விடுபட்டார்கள். கறுப்பின இளைஞர்கள் தனி முகாம்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். முக்கியமான இன்னொன்று: அந்தத் திட்டங்கள் மட்டுமே வேலையின்மையை ஒழித்துவிடவில்லை. உலகப் போர் வந்து ஆலைகள் இரவு பகலாக ஓடத் தொடங்கிய பிறகே அது ஒழிந்தது. 1943 இல் பெரிய திட்டமும் மூடப்பட்டது. தற்காலிக வேலை பசியை ஆற்றும்; நிலையான தொழில் வேறு வழியாகத்தான் வர வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 18 ஆம் நாள் கொரோனா நோயை முன்னிட்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம் மலேசியாவில் வேலையற்றோர் எண்ணிக்கை எட்டு இலட்சத்தைத் தாண்டியது, விகிதம் 5.3 விழுக்காடு. 2021 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் மைஸ்டெப் என்னும் குறுகிய கால வேலைத் திட்டத்துக்கு 70 கோடி வெள்ளி ஒதுக்கியது. குறிவைத்தது 50,000 வேலைகள்: அரசாங்கத் துறையில் 35,000, அரசாங்கத் தொடர்புடைய நிறுவனங்களில் 15,000. முன்னோரைக் கப்பலேற்றிய காலத்தோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

ஆனாலும் அப்பாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. இத்தகைய வேலையில் சேருவோர் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

ஒன்று, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்து, வேலை முடியும் நாளை வீட்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள். நீட்டிப்பார்கள் என்ற வாய்ப்பேச்சை நம்பிப் புதிய மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்காதீர்கள்.

இரண்டு, ஊழியர் சேமநிதிக்கும் பெர்கேசோவுக்கும் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018 இல் நடப்புக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம், வேலை இழந்தவர்களுக்குச் சில மாதங்கள் உதவித்தொகை தருவது. வேலை போன 60 நாளுக்குள் அதற்கு மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்கான 2017 ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை நிற்பதை வேலை இழப்பாகக் கொள்ளவில்லை. தோட்டம் ஆட்குறைப்புச் செய்தால் கிடைக்கக்கூடிய உதவி, ஆறு மாத ஒப்பந்தம் முடியும்போது கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் நிலை என்னவென்று பெர்கேசோ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

மூன்று, வெளியே வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். என்ன வேலை, எத்தனை மாதம் செய்தீர்கள் என்பதற்கு எழுத்து மூலமான சான்று வாங்குங்கள். அந்த மாதங்களில் கணினியோ கணக்கோ ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு மனுப் போடுவதைக் கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலத்தின் மேலேயே யாரும் வீடு கட்டுவதில்லை. மகள் வேலைக்குப் போகட்டும். அம்மா மகிழட்டும். அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும், வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே குடும்பத்தார் அனைவரும் கூடி உட்கார்ந்து பதில் தேடுங்கள்.